ஓட்டம் தரும் உறுதி



“நாள் முழுதும் வெளிக்காட்டில் நடக்கிறோம், பிள்ளைக்கு ஓட்டம் வேறு எதற்கு? படிப்பு கெடுமே!” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு.

டாக்டர் மணி ஜெகதீசனைப் பாருங்கள். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. படிப்பும் கெடவில்லை; மருத்துவரானார்.

எல்லாப் பிள்ளைகளும் வீரராக வேண்டியதில்லை. குறித்த நேரத்தில் எழுந்து ஓடும் பழக்கமே பெரிது. தோட்டமானாலும் அம்பாங் போன்ற பட்டணமானாலும், பள்ளித் திடல் ஒன்று போதும். வாரம் 3 நாள், 2 நிமிடம் நடை, 1 நிமிடம் மெல்லோட்டம் என மாறி மாறி 20 நிமிடம் செய்யட்டும். ஓடும்போது பேச முடியவேண்டும். மூச்சு திணறினால் நடக்கட்டும். இருதய நோயோ இனிப்புநீரோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

சலிப்பு வந்த நாளிலும் ஓடப் பழகிய பிள்ளைக்கு, கடினமான கணக்கின் முன்னும் பொறுமையாக உட்கார வரும். ஆகவே, தடுக்காதீர்கள், முடிந்தால் நீங்களும் உடன் நடந்து செல்லுங்கள்.