சிரஸ்தார் வேலைக்குப் போன தத்துவ மாணவர்

தமிழ்நாட்டின் அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் தொழிலால் தமிழாசிரியர் அல்லர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1855-ல் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ராபர்ட் ஹார்வியிடம் தத்துவம் பயின்றார், 1876-ல் பி.ஏ., 1880-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பாளையத்தில் இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்ற பெயரில் இயங்குவது அதே கல்லூரிதான். பி.ஏ. முடித்தவர் திருநெல்வேலிக்குப் போய், பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமை ஏற்றார். திரும்பி வந்து பழைய கல்லூரியிலேயே தத்துவம் சொல்லிக்கொடுத்தார். 1880-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறவகை சிரஸ்தார் என்ற வருவாய்த் துறைப் பதவியில் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு மறுபடி தத்துவப் பேராசிரியர் நாற்காலி. 1897-ல் 42 வயதில் இறக்கும்வரை அதில்தான் இருந்தார். இவற்றுக்கு நடுவே அறிவுத் துறைகளை வகைப்படுத்தும் ‘நூற்றொகை விளக்கம்’ (1888), ‘மனோன்மணீயம்’ நாடகம் (1891), வேணாட்டு அரசர்களைப் பற்றிய கல்வெட்டு ஆய்வு, தேவாரம் பாடிய சம்பந்தரின் காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி.

பள்ளித் தலைமை, வருவாய் நிர்வாகம், நாடகம், கல்வெட்டு என்று விரிந்த இந்த வாழ்க்கையைத் தனி மனிதரின் பன்முகத் திறமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘தத்துவம் படித்தவர் என்ன வேலைக்குப் போவார்?’ என்று வீடுதோறும் கேட்கப்படும் கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது என்பது என் கருத்து. தத்துவப் பயிற்சி தனியாக நின்றால் பிழைப்புக்கு உதவுவது அரிது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கக்கூடிய வேறொரு துறையின் பொருள் மீது அது இறங்கும்போது, அந்தத் துறைக்காரர்கள் கவனிக்காமல் விட்ட இடத்தைக் காட்டுகிறது. அங்கேதான் வேலையும் பிறக்கிறது. எனவே தத்துவ மாணவர் வேலைக்குத் தயாராவது பட்டம் வாங்கிய பிறகு தொடங்கவேண்டிய காரியம் அன்று. முதல் ஆண்டிலேயே தனக்கென ஒரு இரண்டாவது துறையைத் தேர்ந்துகொள்வதில்தான் அது தொடங்குகிறது.

இன்றைய நிலை என்ன? கேரளப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை திருவனந்தபுரத்தின் காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. அங்கே சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் காட்டப்படுவது ஒரே ஒரு ஏணி: எம்.ஏ., யு.ஜி.சி. நெட், முடிந்தால் ஜே.ஆர்.எஃப்., பிஎச்.டி., உதவிப் பேராசிரியர் பணி. கேரளத்தில் மேல்நிலைப் பள்ளிகளில் தத்துவம் ஒரு பாடமாக இருப்பதால், மாநிலத் தகுதித் தேர்வான செட் எழுதி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக ஆசிரியராகும் வாய்ப்பும் உண்டு. இது தமிழ்நாட்டுத் தத்துவ மாணவருக்கு அநேகமாக இல்லாத வசதி. ஆனால் இரண்டு ஏணிகளும் குறுகலானவை. ஒரு கல்லூரியில் தத்துவத்துக்கு இருக்கும் பணியிடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் ஓய்வு பெறும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு கெஸ்ட் லெக்சரர் வேலையில் கரைகிறது. அதே காரியவட்டத்துக்குப் பக்கத்தில், அதே நெடுஞ்சாலையில், 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் மென்பொருள் வளாகம் இருக்கிறது. இரு வளாகங்களுக்கும் இடையில் பேருந்தில் சில நிமிடங்கள்தான். ஆயினும் ஒன்றில் படிப்பவர் மற்றதில் நுழைவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தத்துவப் பயிற்சி வேறொரு பொருள் மீது இறங்குவது என்றால் என்ன என்பதற்குச் சம்பந்தர் கால ஆராய்ச்சியைவிடத் தெளிவான சான்று தமிழில் இல்லை. சம்பந்தர் கூன் பாண்டியனைச் சைவத்துக்கு மாற்றினார் என்பது மரபு. கூன் பாண்டியனுக்குச் சுந்தர பாண்டியன் என்றும் பெயர். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தபோது கேட்ட அரசன் பெயரும் சுந்தர பாண்டியன். இரண்டும் ஒருவரே என்று கொண்டு, மொழியறிஞர் கால்டுவெல் சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைத்தார். பெரிய அறிஞரின் முடிவு என்பதால் அது செல்வாக்கோடு உலவியது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று ஆகிவிடாது என்பது தர்க்கப் பாடத்தின் முதல் சில வாரங்களில் கற்பிக்கப்படுவது. சுந்தர பாண்டியன் என்ற பெயரில் அரசர் பலர். ஆனால் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டு நின்றிருந்தால் சுந்தரம் பிள்ளை வெறும் மறுப்பாளராக முடிந்திருப்பார். சம்பந்தரைப் பெயர் சொல்லியோ குறிப்பாகவோ போற்றும் பிற்காலத்தவர் யார், அவர்களுக்கும் பிற்பட்டவர் யார் என்று சான்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மைல்கல் மைல்கல்லாகப் பின்னோக்கி நடந்தார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1895-ல் அது ஆங்கில நூலாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர்கள் சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டில்தான் வைக்கிறார்கள். இங்கே இரண்டு திறன்கள் சேர்ந்து உழைத்திருக்கின்றன: ஒரு முடிவு எந்த எடுகோளின் மேல் நிற்கிறது என்று தோண்டிப் பார்ப்பது, தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் மூலத்திலேயே படிப்பது. எது குறைந்திருந்தாலும் அந்த நூல் இல்லை.

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் கடினமானதை முதலில் எடுத்துக்கொள்வோம். பொருள் மீது இறங்கினால்தான் தத்துவம் பயன்படும் என்றால், நேரடியாக அந்தப் பொருளையே படித்துவிடலாமே. வரலாறோ சட்டமோ கணினியோ படித்துவிட்டுப் போகலாமே, தத்துவம் எதற்கு? நியாயமான கேள்வி. நல்ல வரலாற்று ஆசிரியர் தன் துறைக்குள்ளேயே சான்றை எடைபோடக் கற்றுக்கொள்வார் என்பதும் உண்மை. ஆனால் ஒரு துறைக்குள் வளர்பவர் அந்தத் துறை எவற்றையெல்லாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறதோ அவற்றையும் சேர்த்தே கற்கிறார். எடுகோளை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதையே பல ஆண்டுப் பயிற்சியாகச் செய்பவர்கள் தத்துவ மாணவர்கள். எதிர்த் திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. கிளாட் ஷானன் மின்பொறியியலும் கணிதமும் படித்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை நடத்திய ஒரு தர்க்க வகுப்பில் ஜார்ஜ் பூலின் இயற்கணிதத்தைக் கற்றிருந்தார். பின்னர் எம்.ஐ.டி.யில் மின்சுற்றுகளின் ரிலேக்களைப் பார்த்தபோது, திறப்பதும் மூடுவதும் உண்மை பொய் என்ற இரண்டு மதிப்புகளாக அவருக்குத் தெரிந்தன. 1937-ல் அதை முதுநிலை ஆய்வேடாக எழுதினார். கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது. ரிலேயை அறிந்த பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், பூலை அறிந்த தர்க்கவாதிகளும் இருந்தார்கள். இரண்டையும் அறிந்தவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. டெக்னோபார்க்கின் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான வகைகளைப் பிரித்து, எது எதன் கீழ் வரும், எந்த விதி எங்கே முரண்படும் என்று தீர்மானிப்பது அன்றாட வேலை. ‘நூற்றொகை விளக்கம்’ எழுதியவரின் துறையில் பயின்றவர்களுக்கு அந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. ஆனால் ஒரு நிரல்மொழியும் தரவுத்தளமும் தெரியாமல் அந்த நிறுவனங்களுக்குள் போக முடியாது என்பதையும் மறைக்கக்கூடாது.

சுந்தரம் பிள்ளையின் காலம் வேறு என்ற மறுப்பும் வரும். அதை மறுக்க முடியாது. 1870-களில் பட்டதாரிகள் அருமை. எதைப் படித்து பி.ஏ. வாங்கினாலும் அரசு வேலை தேடி வரும். சிரஸ்தார் பதவி தத்துவத்துக்காகக் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் அவரை நினைக்க வைப்பது அந்தப் பதவி அன்று. யாரும் கேட்காமல் அவர் நாடகம் எழுதியதும், பாறைகளிலும் கோயில் சுவர்களிலும் இருந்த வட்டெழுத்தைப் படித்தெடுத்ததும்தான். இன்றைய மாணவருக்குப் பதவி தேடி வராது என்பதால் அந்த இரண்டாவது உழைப்பு அவருக்கு இன்னும் கட்டாயமாகிறது. இதற்கான பொருளும் அதே ஊரில் குவிந்து கிடக்கிறது. காரியவட்டம் வளாகத்திலேயே கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுகளான மதிலகம் ஓலைகள் மாநில ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் வரும், தமிழும் மலையாளமும் சரளமான ஒரு தத்துவ மாணவர் வட்டெழுத்து, கோலெழுத்து என்ற பழைய எழுத்துமுறைகளைக் கற்றுக்கொண்டால், அவரோடு போட்டியிடக்கூடியவர்கள் மிகச் சிலர்.

இன்னொரு கதவைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிப்பதற்கான 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். அதில் ஓர் இடத்துக்குச் சமூக அறிவியலாளர், தன்னார்வ அமைப்பின் பிரதிநிதி, தத்துவவாதி, அறநெறியாளர், இறையியலாளர் ஆகியோரில் ஒருவர் வரலாம் என்று விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த வகை உறுப்பினர் இல்லாமல் கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உள்நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வை 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய இடம் அது. இப்படி மருத்துவ ஆராய்ச்சி நடக்கும் ஊரில், நோயாளியின் சம்மதம் உண்மையான சம்மதம்தானா, வறுமை அதை வளைக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. குழு உறுப்பினர் என்பது மாதச் சம்பள வேலை அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆராய்ச்சி நிறுவனங்களில் நெறிமுறைக் குழுவின் செயலகப் பணி, மருந்துச் சோதனைகளின் ஆவணப் பணி என்று முழுநேர வேலைகள் அதைச் சுற்றி இருக்கின்றன. அங்கே போக, ஆராய்ச்சி முறையும் மருத்துவச் சட்டமும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். தத்துவத் துறைகள் இதை மாணவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தத்துவத்தை வேலைக்கு எடுபிடியாக ஆக்குகிறீர்கள் என்று சிலர் கோபப்படுவார்கள். உண்மையைத் தேடுவதற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை என்பது அவர்கள் நிலை. அந்த நிலையை நான் மதிக்கிறேன். ஆனால் பொருள் மீது இறங்குவது தத்துவத்தைத் தாழ்த்துகிறது என்பதை ஏற்க முடியவில்லை. ‘மனோன்மணீய’த்தில் நடராசன் என்ற பாத்திரம் மண்புழுவைப் பார்த்து வியந்து பேசும் ஒரு பகுதி உண்டு. மண்புழுக்கள் நிலத்தைப் பண்படுத்துவதைப் பற்றி டார்வின் நூல் எழுதியது 1881-ல். பத்தே ஆண்டுகளில் அந்த அறிவு தமிழ்ச் செய்யுளில் உழைப்பின் கண்ணியத்தைப் பற்றிய சிந்தனையாக மாறிவிட்டது. தன் துறைக்கு வெளியே நடந்ததை ஒரு தத்துவ ஆசிரியர் விடாமல் படித்ததால் வந்தது அது. தத்துவம் அங்கே எடுபிடியாக இல்லை.

சிவில் சர்வீஸ் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2013 முதல் 250 மதிப்பெண்ணுக்கு நெறிமுறைத் தாள் வந்திருக்கிறது. தத்துவம் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடமும்கூட. பாடத்திட்டம் சிறியது என்பதால் பொறியாளர்களும் அதை எடுக்கிறார்கள். முயலலாம். ஆனால் அதையே தத்துவப் பட்டத்தின் எதிர்காலம் என்று காட்டுவது தவறு. அந்தத் தேர்வில் எந்தப் பட்டதாரிக்கும் தோல்விக்கே வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, குடும்பத்தின் கேள்வி. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே என்ற நிலையில் இருக்கும் பெண்ணிடமோ பையனிடமோ ‘நம்பிப் படி’ என்று மட்டும் சொல்வது பொறுப்பற்ற செயல். 2024-ல் கேரளத்தில் தொடங்கிய நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் முதன்மைப் பாடத்தோடு வேறு துறைகளின் துணைப் பாடங்களைச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. மூன்று ஆண்டில் பட்டத்தோடு வெளியேறவும் வழி உண்டு. சேர்க்கைக்கு வரும் அந்தக் குடும்பத்திடம் தத்துவத் துறைகள், தங்கள் கல்லூரியில் எந்தத் துணைப் பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றன, கடந்த சில ஆண்டுகளில் தத்துவம் படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற இரண்டு விவரங்களையாவது எழுத்தில் தர வேண்டும். அதற்குப் புதிய பணியிடமோ நிதியோ தேவையில்லை. ஒரு பதிவேடு போதும்.