ஒரே வாணலியில் இரவு உணவு



மும்பையின் புறநகர்களில் வாழும் நம் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் ஒரு காட்சியைக் காண்கிறேன். கல்யாண், அம்பர்நாத் போன்ற இடங்களிலிருந்து ரயிலில் வேலைக்குச் சென்ற கணவனும் மனைவியும் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிவிடுகிறது. பிள்ளைகள் அதற்குள் வடாபாவ் தின்று பசியாறிவிடுகின்றனர். தாயானவள் சோறு, குழம்பு, பொரியல் என மூன்றையும் ஆக்கி முடிக்கும்போது பிள்ளைகள் உறங்கிப்போகின்றனர். நால்வர் வாழும் வீட்டில் நால்வரும் தனித்தனியே உண்கின்றனர்.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. என் மனைவி முழங்கால் வலியால் படுத்திருந்த நாட்களில் நானே அதைக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் எல்லாக் காய்களையும் ஒன்றாகப் போட்டேன். குடைமிளகாய் குழைந்தது, உருளைக்கிழங்கோ வேகவில்லை. எதை முதலில் இடுவது என்பதே இச்சமையலின் இரகசியம் என்று அன்று அறிந்தேன்.

தேவையானவை (நால்வருக்கு): எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி 500 கிராம், உருளைக்கிழங்கு 2, கேரட் 2, பீன்ஸ் 150 கிராம், குடைமிளகாய் 2, பெரிய வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், உப்பு ஆகியவை தலா ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் சிறிதளவு, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, கொத்தமல்லித்தழை.

செய்முறை: காய்களை முதலில் நறுக்குங்கள், உருளைக்கிழங்கும் கேரட்டும் சிறு துண்டுகளாய் இருக்கட்டும். பிறகே அதே பலகையில் கறியை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, விழுதும் தூள்களும் உப்பும் பிசறுங்கள். அகன்ற வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கறியைப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விட்டுப் பின் திருப்பிவிடுங்கள். இவ்வாறு சிவந்தால்தான் சுவை உண்டாகும். அடுத்து வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் சேர்த்து, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடிப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். இறுதியில் குடைமிளகாயை இட்டு, மூடாமல் மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள். தட்டில் பரிமாறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கொத்தமல்லி தூவுங்கள். நெஞ்சுக்கறி எளிதில் வறண்டுவிடும். ஆகவே தொடைக்கறியே ஏற்றது.

கவனிக்க வேண்டியவை: பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர், நோய்க்கிருமிகளை அருகிலுள்ள பாத்திரங்களுக்கும் பரப்பும். நன்றாக வேகவைப்பதே அவற்றை அழிக்கும். தடித்த துண்டொன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருத்தல் ஆகாது. மீந்ததை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உருளைக்கிழங்கு இக்கணக்கில் சேராது. மற்றக் காய்கள் சேரும். கறியில் புரதமும் கிழங்கில் மாவுச்சத்தும் கிடைப்பதால் தனியே சோறு வடிக்க வேண்டிய அவசியமில்லை.

நறுக்குவது முதல் பரிமாறுவது வரை அரைமணி நேரமே ஆகும். கழுவுவதற்கும் ஒரே வாணலிதான். கணவன்மாரே, காய் நறுக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தட்டுகளை எடுத்து வைக்கட்டும். எட்டரை மணிக்கு நால்வரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது, நாள் முழுவதும் பேசாதிருந்த பிள்ளையும் பேசத் தொடங்குவதைக் காண்பீர்கள்.