துப்பாக்கி வாங்கலாம், வேட்டைக்கு அல்ல!

திருச்சியில் 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. படை வீரர்களுக்கு அங்கே துப்பாக்கி தயாராகிறது. ஆனால் ஊர்க்காரர் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் புறப்பட முடியாது! 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்திருக்கிறது.

குறி பார்த்துச் சுடப் பழக ஆசையா? செலவு குறைந்தது காற்றுத் துப்பாக்கிதான். குழாயின் துவாரம் 0.177 அங்குலத்துக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படக் கூடாது. அப்படியானால் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை.

தூரத்தைக் கிட்டே காட்டும் ‘ஸ்கோப்’ வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். சாதாரண ஸ்கோப் அதில் கெட்டுப்போகும். காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். 10 மீட்டரில் உருவம் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும்.

ஸ்ரீரங்கத்துத் தோப்பில் கிளி கத்தும். பையனின் கை துறுதுறுக்கும். அங்கேதான் ஆபத்து! லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியால் சுட்டாலும் கிளியைக் கொல்வது குற்றமே. சிறைத் தண்டனையும் உண்டு.

அட்டையில் வட்டம் போடுங்கள். பின்னால் மணல் மூட்டை அடுக்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். குறி அட்டையாக இருக்கட்டும்; உயிராக இருக்க வேண்டாம்!