பின்னல் கடிவாள வார்: கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

தோல் சரக்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கி வருகிறோம். "சாதா வாரும் தோல்தான், பின்னல் வாரும் தோல்தான். பின்னலுக்கு மட்டும் ஏன் இந்த விலை?" என்று எங்களைக் கேட்காத சில்லறைக் கடைக்காரர் குறைவு. கேள்வி நியாயமானதே. இதற்கு நாங்கள் பதில் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தின் மூலம். அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நம் நாட்டில் குதிரைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பெயர்பெற்ற ஊர் கான்பூர். 1860களில் ஆங்கிலேயர் தம் படைகளுக்காக அங்கே சேணத் தொழிற்சாலை அமைத்தது முதல் இத்தொழில் அங்கு வேரூன்றியது. இன்றும் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சரக்கு போகிறது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நம் பக்கத்தில் உதகை, கொடைக்கானல் சவாரிக் குதிரைக்காரர்களே இதற்கு முக்கிய வாடிக்கையாளர்கள்.

குதிரைக்காரர் பின்னல் வாரைக் கேட்பது அழகுக்காக மட்டும் அல்ல. மழையிலும் குதிரையின் வியர்வையிலும் நனைந்தால் சாதா வார் கையில் வழுக்கும். பின்னலின் மேடு பள்ளம் விரலுக்குப் பிடி கொடுக்கும். குதிரை மிரண்டு தலையை உதறும் நேரத்தில் அந்தப் பிடிதான் சவாரி செய்பவரைக் காப்பாற்றுகிறது.

இனி வேலைப்பாட்டைப் பார்ப்போம். ஒரு தோலில் முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தொளதொளப்பானது, இழுத்தால் நீளும். எனவே கடிவாளத்துக்கு முதுகுப் பகுதியையே, முதுகெலும்பின் போக்கிலேயே நீளவாட்டில் அறுக்க வேண்டும். ஒரு பக்க வார் ஏறத்தாழ நாலரை அடி இருக்கும். பிடிக்கும் பகுதியை மட்டும் 5 புரிகளாகக் கீறி, ஓரங்களின் கூர்மையைச் சீவி, கொழுப்பும் சோப்பும் சேர்த்துக் காய்ச்சிய பசையைத் தடவி, ஒரே இழுவையில் பின்னிக்கொண்டு போக வேண்டும். பின்னும்போது நீளம் குறையும் என்பதால், இறுக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல் தோல் பிடிக்கும். தோலை அதிகம் நனைத்துப் பின்னினால் காய்ந்த பிறகு இடைவெளி விழும். முடிந்ததும் இரு பலகைகளுக்கு இடையே அழுத்திச் சமப்படுத்துவார்கள்.

நெற்றிப் பட்டை போன்ற குட்டை உருப்படிகளில் இன்னொரு வித்தை உண்டு. இரு முனையையும் அறுக்காமல் நடுவில் மட்டும் 3 புரியாகக் கீறி, கீழ் முனையையே புரிகளுக்கு இடையே நுழைத்து எடுத்துப் பின்னுவது. 6 மாற்றுக்கு ஒருமுறை சிக்கல் தானாகவே அவிழ்ந்து பின்னல் நேராகும். முனையில் தையலே இராது. தையல் இல்லாத இடத்தில் தையல் விடுவதும் இல்லை.

இப்போது எங்கள் நஷ்டத்துக்கு வருவோம். 1989இல் வடக்கே ஒரு பட்டறையிடம் 24 ஜோடி பின்னல் வார் வாங்கினோம். விலையை விடாப்பிடியாகக் குறைத்தோம். அதில் பெருமையும் பட்டோம். சரக்கு பார்வைக்கு லட்சணமாகவே வந்தது. மழைக்காலம் தொடங்கி இரண்டு மாதத்தில் மலை ஊர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு ஜோடியை எங்கள் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். இடது வார் வலது வாரைவிட இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. இழுத்த பக்கம் குதிரை திரும்பாமல், சவாரிக்காரர் வீட்டுப் பையன் விழுந்து மணிக்கட்டு ஒடிந்ததாகச் சொன்னார்.

எங்களிடம் இருந்த பழைய தொழிலாளியிடம் காட்டினோம். பின்னலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு முதுகு, ஒண்ணு வயிறு முதலாளி. நீங்க குடுத்த விலைக்கு ரெண்டும் முதுகா வருமா?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மீதிச் சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்தோம். பையனின் வைத்தியச் செலவையும் ஏற்றோம்.

பின்னல் தன் இயல்பிலேயே சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். அதனால் கையால் இழுத்துப் பார்த்தால் வயிற்றுத் தோல் பிடிபடாது. பட்டறைக்காரர் நேர்மையாகவே இருந்தாலும், கூலி கட்டுப்படாவிட்டால் பின்னுபவர் கை தளரும். தளர்வாகப் பின்னினால் தோலும் மிச்சம், நேரமும் மிச்சம். நாம் குறைத்த ரூபாய் அந்த இடத்தில்தான் போய் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே கொள்முதல் செய்வோர் செய்ய வேண்டியவை: ஜோடியில் இரண்டு வாரையும் அளந்து குறித்துக்கொண்டு, சம எடை கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். வாரை வளைத்துப் புரிகளுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அடிப்பக்கத்தை விரலால் தடவி நடுவில் ஒட்டு இருக்கிறதா என்று சோதியுங்கள். பட்டியலில் "முதுகுத் தோல், இரண்டும் ஒரே தோலிலிருந்து" என்று எழுதி வாங்குங்கள். அதற்குரிய விலையையும் கொடுங்கள்.

அந்த ஒரு ஜோடி வார் இன்றும் எங்கள் கடையில் கல்லாவுக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. விலை பேசும்போது அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.