சூரன் சபையிற் சிங்கமுகன்

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே புராணபடனம் என்பது நெடுங்காலமாக நிலைத்துவரும் ஒரு மரபு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். அவர் பக்கத்தில் இருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். மண்டபத்திலே அமர்ந்திருக்கும் முதியவரும் இளையவரும் அதனைக் கேட்பர். படிப்பு முடிந்து திருநீறு பெற்று வெளியே வந்த பின்னரே வேறொரு சபை கூடும். கோயில் வீதியிலும், வாசிகசாலைத் திண்ணையிலும், வீட்டு முற்றத்திலும் கூடும் அந்தச் சபைக்குத் தலைவர் இல்லை. நேரக் கட்டுப்பாடும் இல்லை. அன்று படித்த படலத்தில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்பதே அங்கு வழக்கு.

இவ்வழக்குகளுக்குப் பெரிதும் இடந்தரும் நூல் கந்தபுராணம். காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றியதாகக் கூறப்படும் இந்நூல் ஆறு காண்டங்களையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையும் உடையது. அது பிறந்த இடம் தொண்டைநாடாயினும், குடும்ப வாழ்விலும் ஊர் வாழ்விலும் ஆழ வேரூன்றிய இடங்களுள் யாழ்ப்பாணம் தலையாயது. அதனாலன்றோ பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டுக்குக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயர் சூட்டினார்!

இந்நூலைப் பற்றிய வழக்குகளுள் இன்றும் தீராதது ஒன்று உண்டு. அது சிங்கமுகனைப் பற்றியது.

கதையைச் சிறிது நினைவுகூர்தல் நலம். சூரபன்மன் தவத்தாலும் வேள்வியாலும் சிவபெருமானிடம் பெருவரம் பெற்றவன். ஆயிரத்தெட்டு அண்டங்களையும் ஆண்டவன். தேவர்களை இழிந்த ஏவல் செய்ய வைத்தான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையில் இட்டான். முருகப் பெருமான் போர் தொடுக்குமுன் வீரவாகு தேவரைத் தூது அனுப்புகிறார். சிறைப்பட்ட தேவரை விட்டுவிடு என்பதே தூதின் சாரம். சூரன் மறுக்கிறான். தூதுவர் திரும்பிய பின் அவன் தன் அமைச்சரையும் சுற்றத்தையும் கூட்டி ஆலோசனை கேட்கிறான்.

அந்தச் சபையிலே எழுந்தவர்களுட் பலர் அரசன் கேட்க விரும்பியதையே சொன்னார்கள். போருக்கு என்னை அனுப்பு, நான் வென்று வருவேன் என்று வீரம் பேசினார்கள். தம்பியாகிய சிங்கமுகன் ஒருவனே மாறாகப் பேசினான். தேவரைச் சிறையிட்டது பிழை என்றான். வந்திருப்பவன் பாலன் அல்லன், வரந்தந்த பெருமானின் ஆற்றலே அவ்வடிவில் வந்திருக்கிறது என்றான். தேவரை விடுத்தால் இந்தச் செல்வமும் சுற்றமும் நிலைக்கும் என்று இடித்துரைத்தான். சூரனோ சினந்தான், தம்பியைக் கோழை என்று இகழ்ந்தான். விதியின் வலியை உணர்ந்த சிங்கமுகன் அண்ணனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டி, அவன் பக்கமே நின்று போருக்குப் போய், அங்கே உயிர்துறந்தான்.

இதுவே வழக்கின் பொருள். சிங்கமுகன் செய்தது சரியா?

சரி என்பாருடைய வாதம் உறவின்மேல் எழுவது. சொல்ல வேண்டியதைச் சபையிலே சொன்னான், மறைவிலே புறங்கூறவில்லை. சொன்னது ஏறாதபோது, கூடப்பிறந்தவனைச் சாவின் வாயிலிலே தனியே விட்டு விலகுவது மனிதத் தன்மையோ என்று அவர்கள் கேட்பர். பிழை என்பாருடைய வாதம் அறத்தின்மேல் எழுவது. அறியாதவன் செய்த பிழையிலும் அறிந்தவன் செய்த பிழை பெரிது. ஆயிரம் தலையும் இரண்டாயிரம் கையும் உடைய வீரன் ஒருவன் போருக்கு உடன்படாது நின்றிருந்தால், அந்தப் போரே தளர்ந்திருக்கும் அல்லவா என்பது அவர்கள் கேள்வி.

மூன்றாவது வழியொன்றும் அந்நூலிலேயே இருக்கிறது. சூரனுடைய மகன் இரணியனும் தந்தைக்கு நல்லறிவு சொன்னவன். அவனும் சினத்துக்கு ஆளாகிப் போர்க்களம் போனவன். ஆனால் தந்தையின் அழிவு உறுதி என்று கண்டதும், அவனுக்கு இறுதிக்கடன் செய்ய ஒரு மகனாவது எஞ்ச வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவெடுத்துக் கடலிலே மறைந்தான். இவனைக் கோழை என்பாரும் உளர். குடிக்கடன் அறிந்தவன் என்பாரும் உளர்.

இராமாயணத்திலும் இவ்வழக்கு வேறு உருவில் வருகிறது. கும்பகருணன் அண்ணனுக்காகப் போரிட்டு மடிந்தான். வீடணன் அண்ணனை விட்டு இராமனை அடைந்தான். யாழ்ப்பாணத்திலே 1980ஆம் ஆண்டு தோன்றிய கம்பன் கழகம் இத்தகைய வழக்குகளைப் பட்டிமண்டப மேடைக்குக் கொண்டுவந்து, பெருந்திரளான மக்கள் இருந்து கேட்கச் செய்தது. திண்ணையிற் பேசியதை மேடையிற் கேட்க மக்கள் திரண்டது வியப்பன்று.

இவ்வழக்கம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவிலே 1938ஆம் ஆண்டு சூப்பர்மான் தோன்றியது முதல், படக்கதை வீரர்களுக்கென்று ஒரு பெரும் வாசகர் கூட்டம் வளர்ந்தது. அங்கே 2006ஆம் ஆண்டில் 'உள்நாட்டுப் போர்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு தொடர் வெளிவந்தது. முகமூடி அணிந்த வீரர்கள் தம் பெயரை அரசாங்கத்திற் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் பிறக்கிறது. அயன் மான் அதனை ஏற்கிறான். கப்டன் அமெரிக்கா மறுக்கிறான். நண்பர்கள் இரு படையாகிறார்கள். ஸ்பைடர்மான் முதலில் ஒரு பக்கம் நின்று, பின்னர் மனம் மாறி மறுபக்கம் போகிறான். எவன் தலைவனாகத் தக்கவன், நட்புப் பெரிதா கொள்கை பெரிதா என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்காக வாதிட்டனர். பெயர்களை மாற்றிவிட்டால், அது கோயில் வீதியில் நடக்கும் அதே வழக்குத்தான்.

கற்பனை வீரருக்காக இத்தனை வாதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்முன் இருக்கும் தலைவனைப் பற்றிப் பேச அச்சமும் உறவும் தடையாகும். சூரனைப் பற்றிப் பேச எவருக்கும் தடையில்லை. அங்கே பழகிய நியாய உணர்வு தன் வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் தேவைப்படும் நாளில் துணைக்கு வரும். அந்த நாள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. முப்பது ஆண்டுப் போரிலே, போவதா நிற்பதா, பேசுவதா வாய்மூடுவதா என்ற கேள்வி பல குடும்பங்களைப் பிரித்தது. 1995ஆம் ஆண்டு, கந்தசட்டி வரும் அதே ஐப்பசி மாதத்திலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். கடல் கடந்து போனவர்களும் பலர். அதன்பின் இரணியனைக் கோழை என்று எளிதிற் சொல்லிவிட எத்தனை பேருக்கு மனம் வரும்? சிங்கமுகனைப் பிழைகாரன் என்று தீர்ப்பிட எத்தனை பேருக்கு நா எழும்?

ஆயினும் வழக்கைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தோன்றும். சிங்கமுகனையும் இரணியனையும் கூண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, உண்மையில் விடைசொல்ல வேண்டியவனை மறந்துவிடுகிறோம். தம்பி உறவா அறமா என்று தவிக்க நேர்ந்தது ஏன்? நல்லுரை சொன்னவனைக் கோழை என்று தலைவன் சொன்னதனால். சபையில் மாற்றுச் சொல் பகையென எண்ணப்பட்ட கணத்திலேயே, அன்புடையவருக்கு மூன்று வழிகளே எஞ்சின: உடன் மடிதல், எதிர்ப்பக்கம் சேர்தல், கடலில் மறைதல். மூன்றும் துன்பமே. சூரன் செய்த பிழைகளுள் தேவரைச் சிறையிட்டது ஒன்று. தன் சபையின் வாயைச் சிறையிட்டது மற்றொன்று.

சூரன்போர் நாளிலே கோயில் வீதியில் ஆடிவரும் சூரனுருவத்தைப் பார்த்தால், உடல் ஒன்றாகவே இருக்கும், தலைகளே மாறும். யானை முகத்துத் தாரகன் போவான், சிங்கமுகன் போவான், இறுதியிற் சூரன் வருவான். முடிவில் மாமரமாகி நின்றவன் வேலாற் பிளவுபட்டுச் சேவலும் மயிலுமாகிப் பெருமானுக்குக் கொடியும் ஊர்தியும் ஆகிறான். தம்பியின் சொல்லை அன்றே கேட்டிருந்தால் இத்தனை தலைகள் விழாமலே அந்த அருளைப் பெற்றிருக்கலாமே என்ற ஏக்கம், வீதியில் நிற்பவர் நெஞ்சிலே எழாமற் போவதில்லை. அந்த ஏக்கத்தோடுதான் அடுத்த ஆண்டுக்கான வழக்கும் தொடங்குகிறது.