டோரேமோனுக்குக் குரல் கொடுத்தவர்கள்



காது இல்லாத நீலப் பூனை டோரேமோனை அறியாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்க மாட்டார்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் அது மலாய் மொழியில் பேசியிருக்கிறது. ஆனால் அது பிறந்த இடம் ஜப்பான். அங்கே அதற்குப் பேச்சுக் கொடுத்தவர்கள் யார்? அதைத்தான் இன்று நாம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

டோரேமோன் 1969 டிசம்பரில் வெளிவந்த சிறுவர் மாத இதழ்களில் படக்கதையாகத் தோன்றியது. 1973இல் தொலைக்காட்சிக்கு வந்து, ஆறே மாதத்தில் நின்றுபோனது. 1979 ஏப்ரல் 2ஆம் நாள் மறுபடியும் தொடங்கியது. இம்முறை அது நிலைத்தது. டோரேமோனாக நொபுயோ ஓயாமா, நொபித்தாவாக நொரிக்கோ ஓஹாரா, சிசுக்காவாக மிச்சிக்கோ நொமுரா, சுனேயோவாகக் கானெத்தா கிமொத்சுக்கி, முரட்டுப் பையன் ஜியானாகக் கசுயா தாத்தெக்காபே ஆகிய ஐவரும் 26 ஆண்டுகள் பேசினார்கள்.

பூனைக்கும் சிறுவன் நொபித்தாவுக்கும் குரல் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு. சிறுவன் ஒருவனை நடிக்க வைத்தால், சில ஆண்டுகளில் மகரக்கட்டு உடைந்து அவன் குரல் தடித்துவிடும். மேலும், 1947இல் வந்த ஜப்பானியத் தொழிலாளர் சட்டம் பிள்ளைகளை இரவில் வேலை வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. பெண்களின் குரலோ பல்லாண்டு மாறாமல் இருக்கும். ஆகவே, சிறுவர் வேடங்களைப் பெண்களே ஏற்பது வழக்கமாயிற்று.

இந்த வேலை எப்படி நடக்கிறது? ஒலிப்பதிவுக்கூடத்தில் சில ஒலிவாங்கிகள் மட்டுமே இருக்கும். நடிகர்கள் வசனத்தாளைக் கையில் ஏந்தி நிற்பார்கள். எதிரே திரையில் படம் ஓடும். பல வேளைகளில் அது வண்ணம்கூடத் தீட்டப்படாத கோட்டுப் படமாகத்தான் இருக்கும். தம் முறை வந்ததும் ஒலிவாங்கியின் முன் வந்து, படத்தின் வாயசைவுக்குச் சரியாகப் பேசி, அடுத்தவருக்கு இடம் விட்டு விலக வேண்டும். தாளைப் புரட்டும் ஓசையும் கேட்கக்கூடாது. முகம் தெரியாது, கைகால் அசைவு தெரியாது. சிரிப்பு, அழுகை, பயம் எல்லாவற்றையும் குரல் ஒன்றே சொல்லியாக வேண்டும்.

இத்தனை உழைப்புக்கும் தொடக்கத்தில் கிடைத்த கூலி சொற்பமே. படம் பல தடவை காட்டப்பட்டாலும் பேசியவர்களுக்குப் பயன் அதிகமில்லை. ஆகவே 1973இல் குரல் நடிகர்கள் ஒன்றுகூடி வேலைநிறுத்தம் செய்தார்கள், ஊர்வலமும் போனார்கள். அதன் பின் வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுக்கும் கூலி ஏறக்குறைய மூன்று மடங்கு உயர்ந்தது. ஊர் அறிந்த குரலாக இருந்தாலும், தனிக்குரலுக்குக் கிடைக்காதது கூட்டுக்குரலுக்குக் கிடைத்தது. சங்கத்தின் அருமை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஓயாமா அம்மையாரின் கதையைக் கேளுங்கள். அவர் 1933இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே அவர் குரல் மற்றப் பெண் பிள்ளைகளின் குரல்போல் இல்லை, கரகரவென்று இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவர் வாய் திறக்கவே கூசினார். அப்போது அவருடைய தாயார், குரலை மறைத்து வைக்காதே, நாள்தோறும் அதைப் பயன்படுத்து என்று அறிவுரை சொன்னார். மகள் பள்ளியின் ஒலிபரப்புக் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் நடிப்புப் பயிற்சி பெற்றார். கேலிக்கு ஆளான அதே கரகரத்த குரல்தான் ஜப்பானியப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக நேசித்த டோரேமோனின் குரல் ஆயிற்று!

2005இல் ஐவரும் ஒன்றாக விடைபெற்றுப் பொறுப்பை இளையவர்களிடம் ஒப்படைத்தார்கள். டோரேமோனுக்கு வசாபி மிசுத்தா வந்தார். ஜியானாக வந்த சுபாரு கிமுராவுக்கு அப்போது வயது 14, பள்ளி மாணவர்! ஓயாமா அம்மையார் 2007இல் ஒலிக்கலைக் கல்லூரி ஒன்றின் முதல்வராகி, இளையோருக்கு வழிகாட்டினார். தாத்தெக்காபே 2015இலும் கிமொத்சுக்கி 2016இலும் காலமானார்கள். 2024 ஜூலையில் நொரிக்கோ ஓஹாராவும், அதே ஆண்டு செப்டம்பரில் தமது 90ஆம் வயதில் ஓயாமாவும் மறைந்தார்கள்.

பெற்றோர்களே, நம் வகுப்பறைகளிலும் வாய் திறக்கக் கூசும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பார்கள். 'தவளைக் குரல்' என்று யாரோ ஒரு நாள் சிரித்திருப்பார்கள்; சில சமயம் அந்தச் சிரிப்பு வீட்டிலேயே தொடங்கியிருக்கும். ஒரு சொல் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். ஒரு சொல் அதைத் திறந்தும் விடும். ஓயாமாவின் தாயார் திறந்துவிட்டார்.

இன்றிரவு உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். குரல் எப்படி இருந்தாலும் சிரிக்காமல் கேளுங்கள். முடித்ததும், நாளைக்கும் வாசி என்று சொல்லுங்கள். அதுவே போதும்.