முதியோர் கண்ணும் பிள்ளைகள் கடமையும்

"வயதானால் கண் மங்கத்தானே செய்யும்?" என்று கூறிவிட்டுப் பிள்ளைகள் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகின்றனர். நமது குடும்பங்களில் இவ்வளவு சுலபமாகத் தள்ளுபடியாகும் மனு வேறொன்றுமில்லை. அன்று முதல் தாத்தா பத்திரிகையைத் தொடுவதில்லை. அரிசியில் கல் பொறுக்கிய பாட்டியின் கையிலிருந்து முறம் பிடுங்கப்படுகிறது. இரவில் கொல்லைப்புறம் செல்ல அஞ்சி, பொழுது சாய்ந்தபின் அவள் தண்ணீர் அருந்துவதையே நிறுத்திவிடுகிறாள். எதிரே வருபவர் இன்னாரென்று தெரியாத கூச்சத்தால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை விட்டவர் எத்தனை பேர்! படியில் இடறி இடுப்பெலும்பு முறிந்த பின்னரே வீட்டாருக்குக் கண்ணின் ஞாபகம் வருகிறது.

நியாயஸ்தலங்களில் நாம் காண்பது இன்னும் பரிதாபம். ஆயுள் முழுதும் அழகாகக் கையெழுத்திட்டவர், எழுத்துப் புலப்படாமையால், பிறர் வாசித்ததை நம்பிப் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கிறார். வாசித்தது ஒன்று, எழுதியிருந்தது வேறொன்று என்பது பின்னர் வழக்காகிறது.

இத்தனைக்கும் வெள்ளெழுத்துக்கு ஒரு மூக்குக் கண்ணாடி போதும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசீயக் கணக்கெடுப்பின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் பார்வையிழந்தவர்கள். அவர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினருக்குக் காரணம் கண்புரையே. புரை முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய வைத்திய முறையின் மிச்சம். இன்று அதற்கு அவசியமில்லை. கண் அழுத்த நோயோ வேறு வகையானது. அதில் போன பார்வை மீளாது. காலத்தில் கண்டு மருந்து விட்டால் எஞ்சியதைக் காக்கலாம்.

பணமில்லை என்ற சமாதானமும் செல்லாது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை செய்துவருகிறது. கண்ணுள் வைக்கும் லென்ஸையும் அந்த ஸ்தாபனத்தார் 1992 முதல் தாமே தயாரித்து விலையைக் குறைத்தனர். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சை உண்டு.

2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், ஜீவனாம்சம் என்பதில் உணவு, உடை, இருப்பிடத்தோடு வைத்தியத்தையும் சேர்த்திருக்கிறது. ஆகவே தாயின் கண் சிகிச்சை மகன் காட்டும் தயவன்று. கோட்டாட்சியரிடம் அவள் கேட்டுப் பெறக்கூடிய பாத்தியதை. ஆனால் எந்தத் தாய் மகன்மேல் மனுப் போடுவாள்? "எனக்கெதற்கப்பா இந்தச் செலவு?" என்கிறாள், அவனும் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்கிறான். முகாம்களிலிருந்து நோயாளிகளை அழைத்துச்செல்ல வண்டிகூட வருகிறது. அதுவரை அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, வீட்டில் ஒருவருக்கும் ஒரு நாள் ஒழிவதில்லை.